கார்டுக்கு மூடுவிழா

கிரெடிட் கார்டை மூடுவதற்குச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இன்று காலை போனில் பேசிய அந்தப் பெண்மணி மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. முதலில் அதைக் கொட்டிவிடுகிறேன், வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

கார்டு எப்படி வந்தது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வந்தது மாதிரிதான் எனக்கும். மால் வாசலில் டை கட்டிய பையன், ஓரமாக ஒரு மேஜை, கையெழுத்துப் போட்டால் ஒரு டிராலி பேக். பேக்கின் சக்கரம் திண்டிவனம் தாண்டவில்லை. கார்டு மட்டும் அசையாமல் நின்றுவிட்டது. வருஷத்துக்கு 499 ரூபாய் கட்டணம், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 588 ரூபாய் 82 காசு. வருஷத்தில் ஐம்பதாயிரத்துக்குக் கார்டைத் தேய்த்துவிட்டால் அதுவும் கிடையாது.

அந்த 588 ரூபாயை மிச்சப்படுத்த நாம் படுகிற பாடு இருக்கிறதே! ஓட்டலில் பதினோரு பேர் சாப்பிட்டு முடித்ததும் பில்லை எட்டிப் பிடுங்குகிறவர் வள்ளல் என்றா நினைக்கிறீர்கள்? அவர் கார்டுக்காரர். "நான் போட்டுடறேன், நீங்க எல்லாரும் எனக்கு ஜிபே பண்ணிடுங்க" என்பார். ஜிபே வந்து சேரும்வரை தூங்கமாட்டார். மச்சினன் ஃப்ரிட்ஜ் வாங்குகிறானா, கூடவே போவார். சித்தப்பா பேத்திக்குக் காலேஜ் ஃபீஸா, அவர் முந்திக்கொள்வார். மார்ச் மாதம் பிறந்தால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, "இன்சூரன்ஸ் கட்டிட்டியா?" என்று அக்கறையாக விசாரிப்பார். சிரிக்காதீர்கள், உங்களைத்தான் சொல்கிறேன்.

விமான நிலைய லவுஞ்ச் இன்னொரு கதை. மதுரைக்குப் பறக்கிற நேரம் ஒரு மணிக்கும் கொஞ்சம் கூட. அதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக மீனம்பாக்கம் போய், இரண்டு ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்து, ஆறிப்போன உப்புமாவை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறியவர்கள் நாம். இப்போது அதிலும் கை வைத்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்தால்தான் உப்புமா என்று மெயில் வந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், கார்டை மூடிவிடுவது என்று.

சட்டம் நம் பக்கம்தான். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் கொண்டுவந்த விதிகளில் தெளிவாக இருக்கிறது. வாடிக்கையாளர் மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்கு அபராதமாகத் தர வேண்டும். ஹெல்ப்லைன், மின்னஞ்சல், ஐவிஆர், ஆப் என்று பல வழி திறந்து வைக்க வேண்டும், வெப்சைட்டில் கண்ணில் படும்படி ஒரு லிங்க் போட வேண்டும். தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று அடம்பிடிக்கக் கூடாது. இதைப் படித்ததும் கார்டை மூடுகிற ஆசை எனக்குப் போய்விட்டது. அவர்கள் மூடாமல் இருக்க வேண்டுமே என்ற ஆசை வந்துவிட்டது. ஒரு மாதம் இழுத்தடித்தால் பதினைந்தாயிரம். மனைவியிடம் சொல்ல, அவள் பரணில் இருக்கும் மிக்ஸியை எக்ஸ்சேஞ்சில் போடலாமா என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

ஆனால் அந்த 500 ரூபாய் விதிக்கு ஒரு வால் உண்டு. கார்டில் பாக்கி எதுவும் இருக்கக் கூடாது. வங்கி மொத்தமும் குடியிருப்பது அந்த வாலில்தான் என்று பின்னால் தெரிந்தது.

கண்ணில் படும்படியான லிங்க்கைத் தேட மூக்குக்கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தேன். 'புதிய கார்டுக்கு விண்ணப்பிக்க' என்ற ஆரஞ்சு நிறப் பட்டன் எந்தப் பக்கம் போனாலும் கூடவே வந்தது. சரி, ஐவிஆர். புது கார்டு வேண்டுமா, ஒன்றை அழுத்துங்கள். லோன் வேண்டுமா, இரண்டை அழுத்துங்கள். மூடுவது எதில் இருக்கிறது என்றால், 'மற்றவை'க்குள் 'மற்றவை'யில். அதற்குப் பிறகு வீணை. யார் வாசித்தார்களோ, பாவம், நல்ல வாசிப்பு. நாலாவது சுற்றில் எனக்கே எந்த இடத்தில் கமகம் வரும் என்று தெரிந்துவிட்டது.

கடைசியில் ஒரு பெண்மணி வந்தார். ஊருக்குக் கிளம்புகிறவனைப் பெரியம்மா வாசலில் மறித்து, இன்னும் ஒரு தோசை என்பாளே, அதே குரல். "ஏன் சார், எங்க சர்வீஸ்ல ஏதாவது குறையா?" இல்லை என்றேன். "இந்த வருஷக் கட்டணத்தை வேணா எடுத்துடறேன் சார்." வேண்டாம் என்றேன். "லிமிட்டை நாலு லட்சமா ஏத்தித் தரேன் சார்." போன வருஷம் தங்கையின் ஆபரேஷனுக்காக இதே லிமிட்டை ஏற்றித் தரச் சொல்லி நான் கெஞ்சியபோது, என் வருமானம் போதாது என்று பதில் எழுதிய வங்கி இது. போகிறேன் என்றதும் வருமானம் ஏறிவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "சிபில் குறையும் சார்" என்றார். 300-க்கும் 900-க்கும் நடுவில் தொங்கும் அந்த எண்ணைச் சொன்னால் இந்தக் காலத்தில் யாருக்கும் அடிவயிறு கலங்கத்தான் செய்யும். ஒரு கார்டைக் குறைத்தால் மொத்த லிமிட் குறையும், அதனால் ஸ்கோரும் கொஞ்சம் இறங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எனக்கு வீட்டுக்கடன் முடிந்துவிட்டது, பெண் கொடுக்கப்போகிறவர்களும் யாரும் இல்லை. நான் அசையவில்லை.

அப்போதுதான் போட்டார் ஒரு குண்டு. "உங்க ரிவார்டு பாயிண்ட்ஸ் 3,240 இருக்கே சார். மூடிட்டா எல்லாம் போயிடுமே?"

3,240! நம் சொத்து! போனை வைத்துவிட்டு ஆப்பைத் திறந்தேன்.

150 ரூபாய் செலவுக்கு இரண்டு பாயிண்ட். பெட்ரோலுக்குக் கிடையாது, வாடகைக்குக் கிடையாது. ஆக 3,240 பாயிண்ட் சேர நான் தேய்த்தது 2,43,000 ரூபாய். ஒரு பாயிண்டின் மதிப்பு 25 காசு என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. கூட்டிக் கழித்தால் 810 ரூபாய். சரி, 810 ரூபாய்க்கு ஒரு பொருள் எடுத்துக்கொண்டு மரியாதையாக வெளியேறலாம் என்று கேட்டலாகில் நுழைந்தேன். மாலை விளக்கு வைக்கிற நேரத்தில் நுழைந்தவன், சீரியல் எல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகுதான் வெளியே வந்தேன்.

முதலில் டோஸ்டர். 14,000 பாயிண்ட். அயர்ன் பாக்ஸ், 11,600. இதெல்லாம் நம் ஜாதியில்லை என்று கீழே இறங்கினேன். வாசனை மெழுகுவர்த்தி இருந்தது, 4,100. ஒரே ஒரு மெழுகுவர்த்தி. கரண்ட் போனால் ஏற்றலாமா என்று விவரத்தைப் படித்தேன், 'மன அமைதிக்கு மட்டும்' என்கிற தோரணையில் எழுதியிருந்தார்கள். ஆண் பெண் இருவரும் அணியத்தக்க கறுப்புக் கண்ணாடி, 3,900. இருவரும் அணிய இரண்டு வாங்க வேண்டுமா, ஒன்றை முறை வைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. எட்டு கார்டு வைக்க இடமுள்ள தோல் பர்ஸ், 3,600. கார்டை மூடுகிறவனுக்குக் கார்டு வைக்கிற பர்ஸ்! அதற்கும் 360 பாயிண்ட் குறைவு. குறைவை 'பாயிண்ட் பிளஸ் பணம்' முறையில் சரிக்கட்டலாம், பணத்தை எந்தக் கார்டில் செலுத்த விரும்புகிறீர்கள் என்று கேட்டது. எந்தக் கார்டில் என்று யூகித்துக்கொள்ளுங்கள்.

விமான மைல்களாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு பகுதி. மாற்றிப் பார்த்தேன். எனக்குக் கிடைக்கிற மைலுக்கு மீனம்பாக்கத்தில் ஏறினால் தாம்பரத்தில் குதிக்க வேண்டியிருக்கும். துணிக்கடை கிஃப்ட் வவுச்சர், 500 ரூபாய்க்கு 2,900 பாயிண்ட். 25 காசுக் கணக்கில் 2,900 பாயிண்ட் 725 ரூபாய் ஆயிற்றே, 500-தானே தருகிறாய் என்று திரையைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன். உள்ளறையிலிருந்து, "யார்கிட்ட பேசறீங்க?" என்றாள். அந்த வவுச்சரும் தள்ளுபடிப் பொருட்களுக்குச் செல்லாது, ஆடி மாதம் செல்லாது, ஒரு பில்லுக்கு ஒன்றுதான். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், ஸ்டாக் இல்லை. யோகா பாய், எங்கள் பின்கோடுக்கு டெலிவரி இல்லை. பின்கோடை மாற்றி அண்ணன் வீட்டுப் பின்கோடு போட்டேன். அங்கே டெலிவரி உண்டு, ஆனால் அங்கே போட்டதும் பாய் ஊதா நிறத்தில் மட்டும். அண்ணிக்கு ஊதா பிடிக்கும், வாங்கினால் திரும்பி வராது. மரம் நடுவதற்கு நன்கொடையாகத் தரலாம் என்றும் இருந்தது. 2,43,000 ரூபாய்க்குத் தேய்த்த கைக்கு மரம் நட மனசு வரவில்லை.

கடைசியில் கிடைத்தது வெங்காயம் நறுக்குகிற சாப்பர். கயிற்றைப் பிடித்து இழுத்தால் உள்ளே பிளேடு சுற்றுமே, அதுதான். 3,199 பாயிண்ட். கைக்கு அடக்கமாக, கணக்குக்கும் அடக்கமாக. ரங்கநாதன் தெரு நடைபாதையில் இதே சாப்பர் 150 ரூபாய், கொஞ்சம் நடந்து போகிற மாதிரி பாவனை செய்தால் 120. தெரிந்தேதான் பட்டனை அழுத்தினேன், அந்நேரத்துக்கு எதையாவது ஒன்றை அழுத்தியாக வேண்டியிருந்தது. மிச்சம் 41 பாயிண்ட். அதைப் பெருந்தன்மையாக வங்கிக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, கையோடு மூடச்சொல்லி மெயிலையும் அனுப்பினேன்.

இரண்டு நாளில் பதில். கார்டில் பாக்கி இருப்பதால் மூட இயலாது. என்ன பாக்கி? பாயிண்டைப் பொருளாக மாற்றியதற்கான சேவைக் கட்டணம் 99 ரூபாய், ஜிஎஸ்டி 17 ரூபாய் 82 காசு, ஆக 116.82. நம் பாயிண்டை நாம் எடுத்ததற்கு நாம் கட்டணம் கட்ட வேண்டும், அந்தக் கட்டணம் பாக்கியாகும், பாக்கி இருந்தால் 500 ரூபாய் அபராதம் கிடையாது. பெரியம்மா குரலில் பாயிண்டை ஞாபகப்படுத்தியது சும்மா இல்லை. இப்படி யோசிக்கிற ஆளை வங்கி என்ன சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறதோ, அவர் வாங்குகிற ஒவ்வொரு ரூபாயும் தகும்.

117 ரூபாய் கட்டினேன். 82 காசைத் தனியாக டைப் அடிக்க மானமுள்ள எவனுக்கும் விரல் போகாது.

சுலபமான வழியைச் சொல்கிறேன் என்றேனே, அதற்கு வருகிறேன். இன்று காலைக் கதையை மட்டும் முடித்துவிடுகிறேன். போன் வந்தது. அதே குரல், அதே பாசம். "சார், உங்க கார்டுல கிரெடிட் பேலன்ஸ் இருக்கு. அதை உங்க பேங்க் அக்கவுண்டுக்கு அனுப்பினாதான் குளோஸ் பண்ண முடியும்."

"எவ்வளவும்மா?"

"பாயிண்ட் ஒண்ணு எட்டு சார்."

18 காசு.

"நீங்களே வச்சுக்கோங்கம்மா."

"அதுக்கு சிஸ்டத்துல ஆப்ஷன் இல்ல சார்."

"அப்ப அந்தப் பதினெட்டுக் காசுக்கு எதையாவது வாங்கிடட்டுமா?"

"கார்டை பிளாக் பண்ணியாச்சே சார்."

25 காசும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓடு இந்த நாட்டில் செல்லாமல் போயின. அதாவது, கையில் எண்ணிக் கொடுக்க நாணயமே இல்லாத ஒரு தொகையை எனக்குத் திருப்பிக் கொடுக்காமல் வங்கிக்கு உறக்கம் வரவில்லை. அதை அனுப்ப என் பேங்க் அக்கவுண்டின் கேன்சல் செக் ஒன்று வேண்டுமாம். ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பினால் போதுமாம், தபாலில் வேண்டாமாம். ரிசர்வ் வங்கி சொன்னபடி நடக்கிறார்களே என்று அந்த நேரத்திலும் ஒரு சந்தோஷம்.

இந்தக் காலத்தில் செக் யாரிடம் இருக்கிறது? பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பழைய செக் புக் ஒன்று கிடைத்தது, ஒரே தாளோடு. அந்த வங்கியே இன்னொரு வங்கியோடு இணைந்து பெயர் போய்விட்டது, ஐஎஃப்எஸ்சி எண்ணும் மாறிவிட்டது. புது செக் புக்குக்கு எழுதிக் கொடுத்தால் அதற்கு ஒரு கட்டணம், மேலே அதே 18 சதவீதம். 18 காசை வாங்க. ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், 14448 என்று நம்பர்கூட இருக்கிறது. ஆனால் முதலில் வங்கியில் புகார் கொடுத்து, பதில் வராவிட்டால் முப்பது நாள் காத்திருக்க வேண்டும். அது பரவாயில்லை. தகராறு எவ்வளவு ரூபாய்க்கு என்று அங்கே யாராவது கேட்டால் எந்த முகத்தோடு சொல்வது?

நான் இப்படி அந்தச் செக் தாளை வெறித்துக்கொண்டிருந்தபோது பார்சல் வந்தது. சாப்பர். பச்சை நிறம். மனைவி அங்கேயே பிரித்து, கழுவி, இரண்டு வெங்காயத்தை உரித்துப் போட்டு, கயிற்றைப் பிடித்து நாலு இழு இழுத்தாள். மூடியைத் திறந்து பார்த்து, "ஏங்க, நல்லாத்தான் இருக்கு" என்றாள். எங்கள் வீட்டில் இந்தச் சொல் சுலபத்தில் வராது.

பிறகு, "என் தங்கச்சிக்கும் ஒண்ணு போடுங்களேன். பாயிண்ட் இருக்கா?"

41 இருக்கிறது. இன்னும் 3,158 வேண்டும். அதற்கு 2,36,850 ரூபாய் தேய்க்க வேண்டும். அவள் தங்கை மகளுக்குத் தை மாதம் கல்யாணம். மண்டபத்துக்கு இன்னும் அட்வான்ஸ் கட்டவில்லை என்று கேள்வி.