குரு பகவானுக்கு இருபதுக்குப் பத்து

பேசுகிறவர்கள் இருவர். தலைவர்: எதற்குத் தலைவர் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். கண்ணாடியம்மா: பகலில் பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை, ராத்திரியில் மொட்டை மாடியில் 114 மில்லிமீட்டர் டெலஸ்கோப்.

தலைவர்: ஏம்மா, வர்ற வியாழக்கிழமை வானியல் திருவிழா. பேனர் இருபதுக்குப் பத்து. டிசைன் முடிஞ்சாச்சு, நடுவுல குரு பகவானுக்கு மட்டும் இடம் விட்டிருக்கு. உன் குழாயில புடிச்சு ஒரு போட்டோ அனுப்பிடு. சாயந்திரம் ஆறு மணிக்கு பிரிண்டுக்குப் போகணும்.

கண்ணாடியம்மா: ஆறு மணிக்கு குரு உதிச்சிருக்கவே மாட்டாரே அண்ணே.

தலைவர்: யார் நடத்தற திருவிழான்னு சொன்னியா?

கண்ணாடியம்மா: சொல்லலை. எட்டரைக்கு மேல கிழக்கே தலை காட்டுவாரு. அப்பவும் எடுக்க முடியாது. அடிவானத்துல இருக்கறப்ப அவர் வெளிச்சம் காத்தைச் சாய்வா, ரொம்ப தூரம் கடந்து வரணும். உச்சிக்கு ஏறினாத்தான் அந்தத் தூரம் குறையும். ராத்திரி ரெண்டு, ரெண்டரை ஆயிடும்.

தலைவர்: ரெண்டரைக்கு எவன் பேனர் அடிப்பான்? சரி, மேடையில சொல்ல ஒரு கணக்காவது குடு. உன் குழாய் எத்தனை மடங்கு? மச்சான் பேத்திக்கு வாங்கின டப்பாவுல 675 மடங்குன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு.

கண்ணாடியம்மா: அந்தக் குழாயோட வாய் எத்தனை மில்லிமீட்டர்?

தலைவர்: அறுபதோ என்னமோ.

கண்ணாடியம்மா: ஒரு மில்லிமீட்டருக்கு ரெண்டு மடங்கு, அவ்வளவுதான் தாங்கும். அறுபதுக்கு நூத்தியிருபது. அதுக்கு மேல போனா கலங்கல்தான் பெருசாகும், குரு பெருசாக மாட்டாரு. கலிலியோ 1610 ஜனவரியில குருவோட நாலு நிலாவைக் கண்டுபிடிச்ச குழாயே ஏறக்குறைய இருபது மடங்குதான்.

தலைவர்: இருபதா? பாவம். பேனர்ல போடற மாதிரி இல்லையே.

கண்ணாடியம்மா: அவரும் உங்க வழிக்காரர்தான் அண்ணே. அந்த நாலு நிலாவுக்கும் மெடிசின்னு ஒரு பிரபுக் குடும்பத்துப் பேரை வச்சு, புஸ்தகத்தையும் அந்த வீட்டுப் பிரபுவுக்கே சமர்ப்பணம் பண்ணி, அரண்மனையில வேலையும் வாங்கிட்டாரு.

தலைவர்: (எழுந்து நின்று) பார்த்தியா! நானூறு வருஷத்துக்கு முன்னாடியே பேனர் வச்சிருக்காங்க. விஞ்ஞானி விஞ்ஞானிதான்.

கண்ணாடியம்மா: பேரு நிக்கலை. இன்னிக்கு அயோ, யூரோப்பா, கானிமீட், கலிஸ்டோ. பிரபுவைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும்.

தலைவர்: (உட்கார்ந்துகொண்டு) அதை மேடையில சொல்ல வேணாம். போட்டோவுக்கு வா. ஒரு கிளிக்தானே?

கண்ணாடியம்மா: கிளிக்கே கிடையாது, வீடியோதான். கண் வச்சுப் பார்க்கற லென்ஸைக் கழட்டிட்டு, அந்த ஓட்டையில ஒரு சின்னக் கேமராவைச் செருகிடுவேன். நடுவுல, உருவத்தைப் பெருசாக்க, பார்லோ லென்ஸ் ஒண்ணு. லேப்டாப்புல பார்த்தா குரு, கிணத்துத் தண்ணிக்கு அடியில கிடக்கற காசு மாதிரி நெளிவாரு. மேல சூட்டுக் காத்தும் குளிர்ந்த காத்தும் புரண்டுக்கிட்டே இருக்கே. ஆனா நொடிக்கு அம்பது பிரேம் ஓடறப்ப, ஏதோ ஒண்ணு ரெண்டுல காத்து அசையாம நின்னுடும். ரெண்டு நிமிஷத்துக்கு ஆறாயிரம் பிரேம். சாப்ட்வேர் அத்தனையும் பார்த்து, எது கூர்மையோ அதை மேலே வச்சு வரிசைப்படுத்தும். மேல இருக்கற அறுநூறை வச்சுக்கிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுடணும்.

தலைவர்: மிச்சம்னா?

கண்ணாடியம்மா: ஐயாயிரத்து நானூறு.

தலைவர்: (பதறி) ஐயாயிரத்து நானூறையும் வெட்டறதா? என் பேனர்ல நாப்பத்திமூணு பேர் போட்டோ இருக்கும்மா. ஒருத்தரை விட்டாலும் விடியறதுக்குள்ள பேனர்ல பிளேடு விழுந்துடும். போன வருஷம் பொருளாளர் தலை ஸ்டாம்ப் சைசுக்குப் போச்சுன்னு அவர் தனியா ஒரு சங்கமே ஆரம்பிச்சுட்டாரு.

கண்ணாடியம்மா: அதனாலதான் உங்க பேனர்ல யார் முகமும் தெரியறதில்லை. சரி, அறுநூறையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிச் சராசரி எடுத்தா, தனித்தனிப் பிரேம்ல மணல் தூவின மாதிரி இருந்த புள்ளியெல்லாம் இருபத்திநாலுல ஒரு பங்கா அடங்கிடும். மணல் பிரேமுக்குப் பிரேம் இடம் மாறும், குரு மாற மாட்டாரு. அப்புறம்தான் கூர்மை ஏத்தறது. அதையும் பார்த்துப் பார்த்து ஏத்தணும். ஆசைப்பட்டு இழுத்தா விளிம்புல இல்லாத கோடெல்லாம் முளைக்கும்.

தலைவர்: முளைக்கட்டுமே! எடுப்பா இருக்கும்.

கண்ணாடியம்மா: இல்லாததைக் காட்டறதுக்கு நான் எதுக்கு ராத்திரி முழிக்கணும்?

தலைவர்: அந்த சாப்ட்வேர் விலை என்ன? ஸ்பான்சர் புடிச்சிரலாம்.

கண்ணாடியம்மா: இலவசம். ஆட்டோஸ்டாக்கர்ட், ரெஜிஸ்டாக்ஸ். ரெண்டையும் எழுதினவங்க நெதர்லாந்துக்காரங்க.

தலைவர்: அவங்க போட்டோவும் போடணுமா? நாப்பத்தஞ்சு ஆயிடுமே. சரி, எல்லாம் முடிஞ்சா குரு எவ்வளவு பெருசா வருவாரு?

கண்ணாடியம்மா: என் குழாய்க்கு, குறுக்கே நூத்தி நாப்பது புள்ளி.

தலைவர்: இருபதடிக்கு இழுத்தா?

கண்ணாடியம்மா: ஒரு புள்ளி ஒண்ணே முக்கால் அங்குலம். கட்டம் கட்டமா நிப்பாரு. நல்லாத் தெரியணும்னா ஒண்ணரை அங்குலத்துல போடுங்க.

தலைவர்: பொருளாளர் தலையைவிடச் சின்னதா? குரு பகவானா? அம்மா, இது பக்தர்கள் சமாச்சாரம். குரு பார்க்கக் கோடி நன்மைன்னு மேலேயே அடிச்சிருக்கோம்.

கண்ணாடியம்மா: அவர் பார்க்கறது இருக்கட்டும். நீங்க அவரை ஒரு தடவையாவது பார்த்திருக்கீங்களா?

தலைவர்: வாரா வாரம் கோயில்ல. சரி, குரு வேணாம். சனி போட்டோ எடுத்துக் குடு, வளையத்தோட. டிசைனர் ஒரு ஐடியா சொன்னான்: அந்த வளையத்தை அப்படியே தூக்கி என் தலைக்குப் பின்னால...

கண்ணாடியம்மா: சனி பகவானுக்கு நேரா நிக்கக்கூடாதும்பாங்க, தலைக்குப் பின்னால வச்சா பரவாயில்லையா? அந்த வளையம் எப்பவும் ஒரே மாதிரி இருக்காது அண்ணே. சாய்ஞ்சுக்கிட்டே வந்து, பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை நமக்கு விளிம்பைக் காட்டும். 2025 மார்ச்சுல அப்படித்தான் ஆச்சு. கலிலியோ 1612-ல பார்த்தப்ப காணாமப் போன மாதிரி இருந்துச்சு, அவரே குழம்பிட்டாரு. அது வளையம்னு ஹைஜென்ஸ்னு ஒருத்தர் வந்து 1659-ல புஸ்தகம் போட்டுத்தான் தெரிஞ்சுது. அகலம் ரெண்டே முக்கால் லட்சம் கிலோமீட்டர், கனம் பார்த்தா சில பத்து மீட்டர்.

தலைவர்: அவ்வளவு அகலம், அவ்வளவு மெல்லிசு! அடடா, பேனரேதான்!

கண்ணாடியம்மா: ஆமா. ஆனா அது ரோட்டை மறைக்கலை.

தலைவர்: (கேளாததுபோல்) சனிப்பெயர்ச்சியிலயும் போன தடவை குழப்பம். திருக்கணிதப்படி 2025 மார்ச்சுன்னு ஒரு பேனர் வச்சோம், வாக்கியப்படி 2026 மார்ச்சுன்னு இன்னொரு பேனர் வச்சோம். உன் குழாயில எந்தப் பஞ்சாங்கத்துச் சனி தெரியறாரு?

கண்ணாடியம்மா: ஒரே சனிதான் தெரியறாரு. ரெண்டு பேனர் செலவைத்தான் எந்தக் குழாயிலயும் பார்க்க முடியலை.

தலைவர்: நீ குத்திக் குத்திப் பேசறே. செவ்வாய்? ஆகஸ்ட் 27 அன்னிக்கு நிலா அளவுக்குத் தெரியும்னு வாட்ஸ்அப்புல வந்துச்சே. வருஷா வருஷம் நானே நாலு குரூப்புக்கு அனுப்பறேன்.

கண்ணாடியம்மா: நீங்கதானா அது? 2003-ல வந்த சேதி அண்ணே. அந்த வருஷம் செவ்வாய் 5.6 கோடி கிலோமீட்டருக்குள்ள வந்துச்சு, அது நிஜம். குழாயில எழுபத்தஞ்சு மடங்கு பெருசாக்கிப் பார்த்தா, வெறும் கண்ணுக்கு நிலா தெரியற அளவு தெரியும்னு எழுதியிருந்தாங்க. கை மாறி வந்ததுல 'குழாயில பார்த்தா'ங்கறதை யாரோ வெட்டிட்டாங்க. வெட்ட வேண்டியதை வெட்ட மாட்டீங்க, இதை மட்டும் வெட்டுவீங்க.

தலைவர்: இதெல்லாம் வெளிநாட்டுக்காரனுக்குத்தாம்மா சரிவரும். நம்ம ஊரு புழுக்கத்துல, மேகத்துல...

கண்ணாடியம்மா: பிலிப்பைன்ஸ்ல செபூன்னு ஒரு ஊரு. மதுரைக்கும் திருச்சிக்கும் நடுவுல கோடு இழுத்தா எந்த அட்சரேகையோ, அதே. அங்கேயும் புழுக்கம், மழை. கிறிஸ்டோபர் கோன்னு ஒருத்தர் வீட்டுல இருந்தே படம் எடுக்கறாரு. குருவுல வெள்ளையா இருந்த ஒரு புயல் சிவப்பா மாறிட்டதை 2006 பிப்ரவரியில அவர்தான் கவனிச்சுச் சொன்னாரு. ஆஸ்திரேலியாவுல அந்தோணி வெஸ்லி, 2009 ஜூலை 19. குருவோட தென் துருவத்துக்குப் பக்கத்துல புதுசா ஒரு கறுப்புத் தழும்பு. ஏதோ வந்து மோதியிருக்கு. அவர் சொன்னதுக்கப்புறம்தான் நாசா ஹவாய்ல இருக்கற பெரிய தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்துச்சு. நம்ம அட்சரேகையில கிரகம் தலைக்கு மேலேயே வந்து நிக்குது. லண்டன்காரனுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

தலைவர்: நாசான்னதும் ஞாபகம் வருது. நாசா படம் சும்மாவே கிடைக்குதே? இல்லேன்னா ஏஐகிட்டச் சொன்னா ஒரு நிமிஷத்துல குரு, சனி, நான், மூணு பேரும் சேர்ந்து நிக்கற மாதிரி குடுத்துடும். 'தலைவர் எடுத்த குரு'ன்னு போட்டுடலாம். யாருக்குத் தெரியப் போகுது?

கண்ணாடியம்மா: எனக்குத் தெரியும். (சற்று நிறுத்தி) கேளுங்கண்ணே. ஒரு பள்ளிக்கூடத்துல இருந்து என் கடைக்கு டெலஸ்கோப் ஒண்ணு வந்துச்சு. ஆடிட் வருதாம், துடைச்சுக் குடுக்கணுமாம். திறந்து பார்த்தா லென்ஸ் பூரா பூஞ்சை. கால் ஸ்டாண்டைச் சுத்தின பிளாஸ்டிக் உறை பிரிக்காம அப்படியே இருக்கு. வாங்கின நாள்ல இருந்து பீரோவுல. ஒரு புள்ள ஒரு ராத்திரிகூட அதுல கண்ணை வைக்கலை. கூட வந்த ஒன்பதாங்கிளாஸ் பொண்ணு கேக்கறா, "இதுல சனி தெரியுமா மேடம்"னு. ஏம்மா, நீங்க பார்த்ததில்லையான்னா, "சாவி சார்கிட்ட இருக்கும்"ங்கறா. அந்த டெலஸ்கோப்பு வந்த அன்னிக்கு வாசல்ல பேனர் இருந்துச்சு. எத்தனைக்கு எத்தனைன்னு நீங்களே சொல்லுங்க. குழாயைப் பூட்டி வச்சுட்டுப் பேனரைத் திறந்து வச்சீங்க. கண்ணுக்கு முன்னால நிஜமா ஒரு கிரகம் சுத்திக்கிட்டிருக்கு, அதை அந்தப் புள்ளைக்குக் காட்ட ஒரு சாவி போதும். நீங்க ஏஐல குரு வரைஞ்சு அவளுக்கே காட்டப் போறீங்க!

தலைவர்: (மெதுவாக) அந்தப் பேனர் பதினஞ்சுக்கு எட்டு.

கண்ணாடியம்மா: தெரியும்.

தலைவர்: சரிம்மா, கோவிச்சுக்காதே. நீயே உன் குழாயைக் கொண்டுவந்து புள்ளைங்களுக்குக் காட்டு. கல்யாண மண்டபம், ஏசி ஹால், ஜன்னல்கிட்ட வசதியா உக்காந்து...

கண்ணாடியம்மா: ஜன்னல் கண்ணாடி வழியா பார்த்தா உருவம் இழுத்துக்கும். ஏசியில குளிர்ந்த குழாயை வெளியே தூக்கினா கண்ணாடி வேர்த்துடும். வெளிக்காத்தோட சூட்டுக்கு அது பழக அரைமணி, முக்கால்மணி வேணும்.

தலைவர்: அப்ப மண்டபத்து மாடியில. ஜெனரேட்டர் வச்சு, எட்டு போகஸ் லைட்டு.

கண்ணாடியம்மா: பகல் முழுக்க வெயில் குடிச்ச காங்கிரீட்டு ராத்திரி பூரா சூட்டைக் கக்கும், அதுக்கே குரு ஆடுவாரு. பக்கத்துல ஜெனரேட்டர் வேறயா? லைட்டைப் பத்திக் கவலையில்லை, குரு அதையெல்லாம் மீறி எரிவாரு. பால்வீதியைத்தான் உங்க ஹைமாஸ்ட் விளக்கு எப்பவோ முழுங்கிடுச்சே. புல்தரை இருந்தாச் சொல்லுங்க. பள்ளிக்கூட மைதானம் இருக்கு.

தலைவர்: மைதானத்துல பேனர் கட்டக் கம்பம் இல்லை. சிறப்பு விருந்தினர் வேற ஒன்பதுக்குன்னா பதினொண்ணுக்குத்தான் வருவாரு. அதுவரைக்கும் குருவை அப்படியே நிறுத்தி வை.

கண்ணாடியம்மா: குரு தன்னைத்தானே சுத்த பத்து மணி நேரம்கூட எடுத்துக்கறதில்லை. பூமியைவிடப் பெரிய சிவப்புப் புயல் ஒண்ணு அதுல ஓடுது, ரெண்டு மணி நேரம் நல்லாத் தெரியும், அப்புறம் அந்தப் பக்கம் போயிடும். அதனாலதான் வீடியோவே ரெண்டு நிமிஷத்துக்கு மேல எடுக்கறதில்லை, எடுத்தா உருவம் இழுபட்டுடும். மோட்டார் இல்லேன்னா முக்கால் நிமிஷத்துல கேமராவை விட்டே ஓடிடுவாரு. விருந்தினருக்காகக் காத்திருக்கற வழக்கம் அவருக்கு இல்லை.

தலைவர்: மரியாதை தெரியாத கிரகம். (யோசித்து) அம்மா, எனக்கொண்ணு தோணுது. அந்த அடுக்கற வித்தை இருக்கே, அதை எங்க நாப்பத்திமூணு பேருக்கும் பண்ணிட்டா? எல்லா முகத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, பெருசா ஒரே முகம். யாரும் சின்னதாப் போச்சுன்னு சொல்ல முடியாது.

கண்ணாடியம்மா: தாராளமாப் பண்ணலாம். ஆனா விதி ஒண்ணுதான். அடுக்கறதுக்கு முன்னாடி வடிகட்டணும். நூத்துக்குப் பத்து.

தலைவர்: நாப்பத்திமூணுல... நாலு பேரா?

கண்ணாடியம்மா: நாலு. ஆடாதது, கலங்காதது, கூர்மையா இருக்கறது. நாலு தேறுமான்னு பார்ப்போம்.

தலைவர்: (குரலைத் தாழ்த்தி) அதுல என் படம் வருமாம்மா?

கண்ணாடியம்மா: அதை சாப்ட்வேர்தான் முடிவு பண்ணும். அதுக்கு உங்களை யாருன்னு தெரியாதுண்ணே.