விக்டோரியா மாமா

பாலக்காட்டுக் கல்பாத்தியில் வீதிக்கு ஒரு விக்டோரியா மாமா உண்டு. புதிய கல்பாத்தி, பழைய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் எதுவானாலும் சரி, சாயங்காலம் திண்ணையில் வேஷ்டியும் துண்டுமாக உட்கார்ந்திருப்பவரிடம் விக்டோரியா காலேஜுக்கு வழி கேட்டுப் பாருங்கள். வழி கடைசியில்தான் வரும். முதலில் 1866 வரும்.

"அன்னிக்கு வெறும் ஸ்கூலாக்கும். 1888-லதான் காலேஜ். உன்னோட ஐஐடி எப்போ வந்தது? 2015! நேத்திக்கு!"

கடைசி வாக்கியம் வழி கேட்டவருக்கல்ல, உள்ளே லேப்டாப்போடு இருக்கும் பேரனுக்கு. அவன் மலையடிவாரத்தில் இருக்கும் பாலக்காடு ஐஐடியில் படிக்கிறான். ஹாஸ்டல், வைஃபை, மெஸ் எல்லாம் உண்டு. மாமா அதைப் படிப்பில் சேர்ப்பதில்லை. "நாங்க விடிகாலை புழையில முங்கிக் குளிச்சுட்டு, நடந்தே போவோமாக்கும்" என்பார். கல்பாத்தியிலிருந்து விக்டோரியா கொஞ்ச தூரம்தான். மாமா சொல்லிக் கேட்டால் நடுவில் மலம்புழை மலை முழுவதையும் ஏறி இறங்கினாற்போல இருக்கும்.

மாமாவோடு படித்தவர்கள் யார் யார்? தேர்தல் கமிஷனர் டி.என். சேஷன், டெல்லி மெட்ரோ கட்டிய இ. ஸ்ரீதரன், எழுத்தாளர்கள் எம்.டி. வாசுதேவன் நாயர், ஓ.வி. விஜயன். நால்வரும் விக்டோரியாவில் படித்தது நிஜம். எம்.டி. 1953-இல் அங்கே கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கினார். அவருக்கு ரெக்கார்டு நோட்டு கொடுத்தது மாமா. சேஷன் பிறந்தது 1932. மாமாவுக்கு இப்போது எழுபத்தாறு. இதற்கு மேல் கணக்குப் போடுவது மரியாதை இல்லை.

சேஷனுக்கும் ஸ்ரீதரனுக்கும் காக்கிநாடா இன்ஜினீயரிங் காலேஜில் இடம் கிடைத்தது. ஸ்ரீதரன் போனார், சேஷன் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போய்விட்டார். ஊரறிந்த கதை. ஊரறியாதது ஒன்று உண்டு: மூன்றாவது சீட்டு மாமாவுக்கு வந்தது. "பாட்டி விடலை. விட்டிருந்தா டெல்லி மெட்ரோ ஆரு கட்டியிருப்பாங்கறே?"

வருஷத்தைப் பிடிக்கப் பார்த்தவர்களும் உண்டு. காலேஜ் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் யூனிவர்சிட்டி மட்டும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் சென்னை, மாநிலம் பிரிந்த பின் கேரளா, 1968-லிருந்து கோழிக்கோடு. "உங்க டிகிரி எந்த யூனிவர்சிட்டி மாமா?" என்று ஒருவர் மடக்கினார். "மூணையும் பார்த்தாச்சு" என்றார் மாமா. அரியர்ஸ் அவ்வளவு காலம் இழுத்ததோ என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

அவர் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் வரும் தேர். விசுவநாதசுவாமி தேரை வடம்பிடிக்க மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். கூடவே நிஜமாகவே விக்டோரியாவில் படித்த தொண்ணூறு வயசுத் தாத்தா யாராவது வீல்சேரில் வந்துவிடுவார். அந்த மூன்று நாளும் மாமாவின் வாயில் சேஷன் பெயர் வராது. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தைப் பற்றி மட்டுமே பேசுவார். நாலாம் நாள் ரயில்கள் கிளம்பியதும் எம்.டி. மறுபடி ரெக்கார்டு நோட்டு கேட்டு வந்து நிற்பார்.

கேலி இருக்கட்டும். அந்தக் காலேஜைப் பற்றி இவ்வளவு ஆசையாகப் பேச, நன்றாகப் படித்து வெளியூர் போனவர்களுக்கு நேரம் இல்லை. கல்பாத்திக்குப் போனால் அவர் திண்ணையில் பத்து நிமிஷம் உட்காருங்கள். காபி நிச்சயம். பாஸ் பண்ணின வருஷத்தை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.