பழைய அம்பாசடரும் பத்து அளவைகளும்: ஓர் ஆய்வு முன்னோட்டம்

ஒரு பொருள் உண்டு என்று நாம் எப்படி அறிகிறோம்? மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி இதற்குப் பத்து வழிகளை அடுக்குகிறான். வேதவியாசர் கணக்கில் பத்து, கிருதகோடி கணக்கில் எட்டு, சைமினி கணக்கில் ஆறு. பத்து, எட்டு, ஆறு மூன்றுமே ஸ்பானர் நம்பர்கள் என்பதை இதுவரை எந்த உரையாசிரியரும் கவனிக்கவில்லை. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு. (இவை மில்லிமீட்டர் ஸ்பானர்கள், அம்பாசடரின் போல்ட்டோ அங்குலக் கணக்கு என்று ஒரு சாரார் மறுப்பர். அவர்களுக்குப் பின்னர் விடை கூறப்படும்.)

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலம், கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 2014 வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசடர். இதற்கு முதல்நூல் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. ஆகவே இது வழிநூல். வழிநூல் செய்பவர் தமக்கு வேண்டிய மாற்றங்களைச் செய்துகொள்ளலாம் என்று நன்னூல் சலுகை தருகிறது. இவர்கள் நெடுங்காலம் முன்பக்கக் கிரில்லை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்தியடைந்தார்கள். 1990களில்தான் 1489 சிசி பிஎம்சி இன்ஜினின் இடத்துக்கு இசுசுவின் 1.8 லிட்டர் இன்ஜின் வந்து சேர்ந்தது. அன்று முதல் பாடி அங்குலத்திலும் இன்ஜின் மில்லிமீட்டரிலும் பேசத் தொடங்கின. புகழ்ச்சி சமஸ்கிருதத்திலும் நில எல்லை தமிழிலும் அமைந்த பல்லவர் செப்பேடுகளோடு இதை ஒப்பிடுக. முன்சொன்ன மறுப்பாளர்களுக்கு இதுவே விடை.

இனி அளவைகள்.

காட்சி. கண்ணால் கண்டு அறிவது. சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் இதற்குச் 'சாம்பிள்' என்று பெயர். இந்த அளவையின் ஆழம் உணரப்பட வேண்டுமானால் ஒரு உரையாடலை முழுமையாகப் பதிப்பிக்க வேண்டும்:

"ஃப்யூயல் பம்ப் டயாஃப்ரம் வேணும்ணே. அம்பாசடர், பழைய பெட்ரோல் இன்ஜின்."

"சாம்பிள் எங்க சார்?"

"வண்டியில இருக்கு."

"கழட்டிக் கொண்டாங்க."

"கழட்டிட்டா வண்டி வராதேண்ணே."

"பஸ்ல வாங்க."

(மூலபாடம்: கடைக்காரர் வாய்மொழி. 'பஸ்ல வாங்க' என்பதற்கு 'ஆட்டோல வாங்க' என்றும் பாடபேதம் உண்டு. வசதியான வாடிக்கையாளரைக் கண்டு பிற்காலத்தில் சேர்த்த இடைச்செருகலாகலாம்.)

பொருளை அறிய வேண்டுமானால் அது ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். கையில் இருக்க வேண்டுமானால் வண்டி ஓடக் கூடாது. இதிலிருந்து, புதுப்பேட்டைத் தெருக்களில் வந்து நிற்கும் பழைய கார்கள் யாவும் பழுதற்றவை என்ற முடிவு பெறப்படும். அதை நேரில் போய்ச் சரிபார்ப்பது ஆய்வாளர் வேலை அன்று.

சரி, கழற்றியே கொண்டுபோகிறோம். கடைக்காரர் அந்த ரப்பர் துணியை வாங்கி, கட்டைவிரலால் கிரீஸை வழித்து, ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். மடிப்பில் மயிரிழை வெடிப்பு தெரிகிறது. ஓரத்து ஓட்டைகளை எண்ணுகிறார். நடுத் தண்டின் நீளத்தை விரலால் அளக்கிறார். பிறகு முகர்ந்து பார்க்கிறார். இவ்வளவும் செய்த பின்பே பரண் பக்கம் திரும்புகிறார். (சான்று: சிகரெட் அட்டையின் உட்புறத்தில் அவர் எழுதித் தந்த கணக்கு, 'கிரீஸ் ஏடு' என வழங்கும் பிரதி. இடப்பக்கம் டீ சிந்திச் சிதைந்தது. வலப்பக்கம் தெளிவாக உள்ளது, ஆயினும் அது வேறொரு வண்டியின் கிளட்ச் பிளேட் கணக்கு. இரு பக்கத்தையும் ஒப்புநோக்கிய அறிஞர் கூட்டுத்தொகையைக் கண்டதும் ஆய்வைக் கைவிட்டார். அவர் இப்போது பஸ்ஸில் போகிறார்.) தாம் பார்த்தே இராத சுவடியை, பார்த்ததாகச் சொன்னவரின் கட்டுரையையும் படிக்காமல், மேற்கோள் காட்டி நம் நாட்டில் முனைவர் பட்டம் வாங்கிவிடலாம். பழசைக் காட்டாமல் புதுப்பேட்டையில் ஒரு வாஷர் வாங்கிவிட முடியாது.

கருதல். புகை கண்டு நெருப்பை அறிதல் என்பது பழைய உதாரணம். நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங், விடாமல் வெள்ளைப்புகை வந்தால் ஹெட் கேஸ்கெட் என்று திருத்தி வாசிக்கவும்.

உவமம். பசுவைப் போன்றது கவயம் என்னும் விலங்கு என்று கேட்டு, காட்டில் அதை அடையாளம் காண்பது. "இது ஜீப்போடது சார், ஓரத்துல கொஞ்சம் ராவினா உக்காந்துக்கும்."

ஆகமம். மெக்கானிக் சொல்.

அருத்தாபத்தி. இடைச்சேரி கங்கையில் இருக்கிறது என்றால் கங்கைக் கரையில் என்று பொருள் கொள்வது. "வண்டி ரெடி சார்" என்றால் பணம் ரெடி செய்யவும் என்று பொருள் கொள்க.

இயல்பு. யானைமேல் இருப்பவன் கேட்டால் வேறொன்றைத் தராமல் தோட்டியையே எடுத்துக் கொடுப்பது. வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் மெக்கானிக் கையை மட்டும் வெளியே நீட்டுகிறார், வாய் திறப்பதில்லை. பையன் அரை இன்ச் ஸ்பானரை வைக்கிறான். சரியாக அதுவேதான். பத்து அளவைகளில் இன்றும் சேதமின்றிப் புழங்குவது இது ஒன்றே. இதற்குக் கருத்தரங்கம் யாரும் நடத்தியதில்லை.

ஐதிகம். இந்த மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் சொல்ல நம்புவது. ஏதோ ஊரில், மூடிய டீலரின் குடோனில், பெட்டி பிரிக்காமல் அம்பாசடர் சாமான் குவிந்து கிடக்கிறது என்ற செய்தி இவ்வகை. பேயைப் பார்த்தவர்களாவது உண்டு.

மீட்சி. ராமன் வென்றான் என்றால் ராவணன் தோற்றான் என அறிவது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே பில் போட்டால் மற்றதை அறிக.

எய்தியுண்டாம் நெறி. விரிவஞ்சி விடுக்கப்பட்டது. (ஒரு பிரிவையாவது இப்படி விடாவிட்டால் கட்டுரையை ஏற்பதில்லை.)

அபாவம். இல்லை என்பதை அறிவது. "அது வர்றதில்ல சார்" என்பதே இதன் சூத்திரம். அளவைவாதி இதை ஒரே வகையாகச் சொல்லிவிட்டுப் போனது பெரும்பிழை. புதுப்பேட்டையில் அபாவம் இரண்டு: மெய் அபாவம், விலை அபாவம். முன்னதில் கடைக்காரர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். பின்னதில் போகமாட்டார், கல்லாவை ஒருமுறை திறந்து மூடுவார், தலையைச் சொறிவார், நம் செருப்பைப் பார்ப்பார்.

"வர்றதே இல்ல சார். ஒண்ணே ஒண்ணு கிடக்கு. அதுவும் ஒருத்தருக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்."