டாலர் ஐ அண்ணன்

பத்துப் பேர் வேலை பார்க்கும் வெப்சைட் கம்பெனி எதற்குள் நுழைந்தாலும், மூலை நாற்காலியில் ஓர் அண்ணன் இருப்பார். மதுரை, கோவை, வடபழனி என்று ஊர்தான் மாறும், அண்ணன் மாறமாட்டார். பி.எச்.பி.யை ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் வெளியிட்டதே தன்னை நம்பித்தான் என்கிற தோரணையில் பேசுவார். புதுப் பையன்கள் ரியாக்ட், நோட் என்று வாயெடுத்தால், "வேர்ட்பிரஸ் எதுலடா ஓடுது?" என்பார். பையன்கள் அடங்கிவிடுவார்கள்.

அண்ணனின் விசேஷம், எதையும் ஒரே அர்ரேயில் வைக்கமாட்டார். பொருளின் பெயருக்கு ஓர் அர்ரே, விலைக்கு இன்னொன்று. டாலர் ஐ என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, பூஜ்யத்திலிருந்து இரண்டையும் ஜோடியாக ஓட்டுவார். மொய் எழுத இரண்டு நோட்டுப் போட்டு, ஒன்றில் பெயரை மட்டும், மற்றதில் தொகையை மட்டும் எழுதுகிற மாதிரி. நடுவில் ஒருத்தர் விட்டுப்போனால், தாய்மாமன் வைத்த ஐயாயிரம் பக்கத்து வீட்டுக்காரர் கணக்கில் ஏறும்.

"ஏண்ணே, பேரையும் விலையையும் ஒண்ணா வச்சா என்ன?"

"வைக்கலாம். அப்புறம் டாலர் ஐக்கு என்ன வேலை?"

பையன்கள் விடுவதில்லை. அர்ரே கம்பைன் போட்டால், ஒன்று சாவியாகவும் மற்றது அதற்கான மதிப்பாகவும் சேர்ந்துவிடுமே என்பார்கள். "ஒரே பேர்ல ரெண்டு பொருள் வந்தா?" என்பார் அண்ணன். வந்தால், பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடும். இந்த மாதிரி ஆட்களிடம் உள்ள தொல்லையே, பாதி நேரம் அவர்கள் சொல்வது சரியாக இருப்பதுதான். இரண்டு அர்ரேயையும் ஜோடியாக ஓட்டவே மல்ட்டிபிள் இட்டரேட்டர் என்று 2009-இலேயே வந்த ஒன்றைச் சொன்னால், பெயரைக் கேட்டதுமே டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்.

ஒரு பலசரக்குக் கடைக்கு அண்ணன் பில் போடும் பக்கம் செய்துகொடுத்தார். பொருளின் பெயர், பக்கத்தில் 'வரி உண்டு' என்று ஒரு செக்பாக்ஸ். கடைக்காரர் உப்பு, சோப்பு, பால், பிஸ்கட் என்று ஏற்றி, சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் டிக் போட்டார். டிக் போடாத செக்பாக்ஸை பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. 'இல்லை' என்றுகூடச் சொல்லாது. ஆக, பெயர் நாலு வந்தது, டிக் இரண்டுதான் வந்தது. வந்த இரண்டும் பூஜ்யத்திலும் ஒன்றிலும் ஏறி உட்கார்ந்துகொண்டன. உப்புக்கும் சோப்புக்கும் வரி விழ, பிஸ்கட் தப்பித்தது. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்துபோய் எதிர்த்த உப்பு வரியை, அண்ணன் நாற்காலியை விட்டு எழாமலே திரும்பப் போட்டுவிட்டார்.

கடையிலிருந்து போன் வந்தது. "தம்பி, உப்புக்கு ஜி.எஸ்.டி. காட்டுதே?"

"கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க அண்ணாச்சி."

இல்லாத மூன்றாவது டிக்கைத் தேடும்போதே பி.எச்.பி. வார்னிங் கொடுத்திருக்கும். அண்ணன்தான் முன்யோசனையாக ஓர் அட் குறி போட்டு அதன் வாயை அடைத்திருந்தாரே!

கடைசியில் ஒரு பையன்தான் சரிசெய்தான். செக்பாக்ஸின் பெயரில் வெறும் சதுர அடைப்பாக இருந்த இடத்தில், எத்தனையாவது பொருள் என்ற எண்ணை எழுதினான். டிக் இல்லாதது வராமல் போனாலும், வந்தது தன் இடத்தில் நின்றது. அந்த எண்ணையும் அவன் டாலர் ஐ வைத்துத்தான் எழுதினான் என்பதில் அண்ணனுக்கு ஏகப் பெருமை. அன்றைக்கு எல்லோருக்கும் டீ அவர் கணக்கு.

அவர் செய்துகொடுத்த மற்ற கடைகளின் பக்கங்களை இன்னும் யாரும் திறந்து பார்க்கவில்லை. உப்பு வாங்குகிறவர்கள் பில்லை ஒரு தரம் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.