மரை கழன்ற கதை

காரின் முன்சில்லு ஆடுகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் என் மாமியார். அவருக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் கிடையாது. காதும் சற்று மந்தம். பின்சீற்றில் இருந்தபடி, "தம்பி, முன்னுக்கு ஆரோ பல்லுக் கடிக்கிற மாதிரிச் சத்தம் கேக்குது" என்றார்.

"பழைய கார் மாமி, அப்பிடித்தான் கதைக்கும்" என்றேன்.

பக்கத்தில் இருந்த மனைவி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி என்னை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான்.

கார் என்றால், அப்பா விட்டுப்போன 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. எஞ்சின் 948 சிசி. வீட்டுக்கு வருகிற எவரையும், தேத்தண்ணி வருவதற்குள் போனற்றுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி நான் ஒப்பிக்கிற பாடம் ஒன்று உண்டு. இதை வடிவமைத்தவர் அலெக் இஸிகொனிஸ். 1948இல் கார் வெளிவருவதற்குச் சற்று முன்னர், ஒடுக்கமாகத் தெரிகிறதே என்று மனம் கேளாமல், செய்து முடித்த மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாய் அறுத்து, நாலு அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவருக்கு மனம் ஆறியது. போனற்றின் நடுவே ஓடுகிற தட்டை வரம்பு அந்த நாலு அங்குலம்தான். ஏற்கெனவே அடித்துவைத்த பம்பர்களை வீசவில்லை. நடுவில் வெட்டி, நாலு அங்குலத் துண்டு வைத்துப் பூட்டினார்கள். ஆகவே, இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது இந்தக் காரின் பிறவிக்குணம் என்பது என் வாதம். கேட்டவர்கள் மறுத்ததில்லை. தேத்தண்ணி இன்னும் வந்திராது.

கராஜில் மெக்கானிக் அண்ணை முன்சில்லை ஜக்கில் தூக்கினார். மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டினார். கடக். "பிறேக்கை மிதியுங்கோ" என்றார். மிதித்தேன். திரும்பவும் ஆட்டினார். கடக்.

"பிறேக் மிதிக்கேக்கை ஆட்டம் நிண்டா பெயரிங் எண்டு சொல்லலாம். இது நிக்கேல்லை. கீழ் ட்ரனியன்தான். கடைசியா எப்ப கிறீஸ் அடிச்சனீங்கள்?"

யோசித்தேன். யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன் என்பதே சரி. அவர் ஸ்பனரின் முனையால் ஓரிடத்தில் சுரண்டினார். காய்ந்த செம்மண் கட்டியொன்று கழன்று விழுந்தது. உள்ளே ஒரு நிப்பிள். அப்படியொன்று அங்கே இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இஸிகொனிஸைப் பற்றி அரைமணி நேரம் பேசக்கூடியவன் நான்.

விஷயம் இதுதான். சில்லைத் தாங்கி நிற்பது கிங் பின். அதன் கீழ் முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரையில் ட்ரனியன் பூட்டியிருக்கும். ஸ்ரியறிங்கைத் திருப்பும்போதெல்லாம் நட்டுக்குள் போல்ற் திரிவதுபோல இந்தப் பின் அதற்குள் திரியும். அந்த முன்மூலையின் பாரம் அந்த மரையில்தான் தொங்குகிறது. 1000 மைலுக்கு ஒருக்கால் கிறீஸ் அடித்தால் காலத்துக்கும் கிடக்கும் என்றார் அண்ணை. அடிக்காவிட்டால் மண்ணே அரமாகி மரையை அராவிவிடும்.

மிச்சத்தை அவர் கடகடவென்று சொல்லிக்கொண்டு போனார். புஷ் றபர் எல்லாம் எண்ணெய் குடித்துப் பாணாகிவிட்டது, மாற்ற வேண்டும். ஷொக் அப்சோபருக்கு எண்ணெய் விட்டால் இன்னும் ஓடும். ஸ்ரியறிங் ராக் நல்லது, அதன் றபர் உறை மட்டும் கிழிந்திருக்கிறது. டோர்ஷன் பாரைத் தொட வேண்டாம். கழற்றினாலும் வலத்தை இடத்துக்குப் போடக்கூடாது.

"ஆனா ட்ரனியனும் கிங் பின்னும் புதுசுதான். தேஞ்சா கார் குலுங்கும் எண்டால் ஓடலாம். தேஞ்சா சில்லுக் கழரும் எண்டால் ஓடேலாது. உதுதான் கணக்கு."

"ஒறிஜினல் சாமான் அண்ணை. 1958ஆம் ஆண்டு இரும்பு. இப்ப வாறது அந்த இரும்போ?"

அவர் பழந்துணியில் கையைத் துடைத்தார். "இரும்பு ஒறிஜினல்தான். மரைதான் இல்லை."

றபர் புஷ்களை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தேன். ட்ரனியனில் மிச்சம் பிடித்த காசுக்கு நாலு சில்லுக்கும் குறோம் தொப்பியும், போனற்றுக்குப் புதுச் சின்னமும் வாங்கினேன். அவை ஒறிஜினல் அல்ல. அதை அப்போது யாரும் கேட்கவில்லை.

என் சிக்கனத்துக்கு அப்பாவைச் சாட்சிக்குக் கூப்பிடுவது என் வழக்கம். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத நாட்களில், ஒரு மூடி பெற்றோலில் எஞ்சினை எழுப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடியவர் அவர். கார் போன வழியெல்லாம் குப்பிவிளக்கு மணம் கிடக்கும். பழைய ரயரை வெட்டிப் புஷ் செய்து போட்டார். இதையெல்லாம் நான் பெருமையாகச் சொல்லி முடித்தபோது மனைவி வாயைத் திறந்தாள்.

"மாமாவுக்குச் சாமான் கிடைக்கேல்லை. உங்களுக்கு மனம் வரேல்லை. அந்த நாளையிலையும் அவர் ஞாயிற்றுக்கிழமையிலை காருக்கு அடியிலைதான் கிடந்தவர். நீங்கள் பேப்பருக்கு அடியிலை கிடக்கிறியள்."

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. செல்வச் சந்நிதிக்குப் புறப்பட்டோம். மாமி பின்சீற்றில், மடியில் அர்ச்சனைத் தட்டு. படலையைத் தாண்டி ஒழுங்கைக்குள் ஸ்ரியறிங்கை முழுக்க ஒடித்தேன். நடக்கிற வேகம்கூட இல்லை. டக்கென்று ஒரு சத்தம். இடது முன்மூலை அப்படியே மண்டியிட்டது. சில்லு மட்கார்ட்டுக்குள் சரிந்து படுத்துவிட்டது. சீற்றுக்கு அடியால் உருண்டு வந்த தேங்காய் என் காலில் முட்டி நின்றது.

"தம்பி, வந்திட்டமோ?" என்றார் மாமி.

அண்ணை வந்து, குனிந்து பார்த்து, "மரை கழண்டுபோச்சு" என்றார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வளவுக்காரர், "ஆருக்கு?" என்று கேட்டார்.

"உதிலை கழண்டது நல்லதுக்கு. வல்லைவெளியிலை நாப்பதிலை போகேக்கை கழண்டிருந்தா..." அண்ணை முடிக்கவில்லை. மாமி முடித்துவைத்தார்: "முருகன்ரை காலடிக்கு நேரை போயிருப்பம்."

அன்றைக்கே ஞானம் வந்தது. இரண்டு பக்கத்துக்கும் புதிது போடுவதென்று தீர்மானித்து, அண்ணையையும் கேளாமல், நானே கொழும்புக்குப் போய்ப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைக்காரர், "வலமோ, இடமோ?" என்று கேட்டவர்தான். "ரெண்டு வேணும், ரெண்டும் ஒரே மாதிரி இருக்கோணும்" என்றேன் கண்டிப்பாக. பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. திருப்தியோடு இரவு பஸ் ஏறினேன்.

அண்ணை இரண்டையும் கையில் எடுத்தார். நெடுநேரம் பேசவில்லை. "இடப்பக்கத்து மரை மற்றப் பக்கமாச் சுத்தும். இது ரெண்டும் வலம்" என்றார். விழுந்து கிடந்தது இடப்பக்கம்.

கார் இன்னும் இரண்டு கிழமை கல்லில் நின்றது. மாமி ஓட்டோவில் சந்நிதிக்குப் போய்வந்தார். ஓட்டோவில் ஒரு சத்தமும் இல்லை என்று வந்து சொன்னார். இப்போது எல்லாம் புதிது. 1000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கப்படுகிறது. அடிப்பவர் அண்ணை, மைல்கணக்கு வைத்திருப்பவர் மாமி.

வலப்பக்க ட்ரனியன் ஒன்று மேலதிகமாகக் கிடக்கிறது. புத்தம் புதிது, பூட்டிப் பார்க்காதது. மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். குறோம் தொப்பிகளும் வேண்டுமென்றால் சேர்த்தே தருவேன். விலையை மட்டும் என்னிடம் கேளுங்கள். மனைவியிடம் கேட்டால் சும்மா தூக்கித் தந்துவிடுவாள்.