எந்த ஸ்கூலு கண்ணு?

பிள்ளைகள் படிக்கிற இடம், சண்டை போடுகிற இடம், தூங்குகிற இடம் மூன்றும் ஒரே கூடமாக இருந்தால் அது வீட்டுப்பள்ளிக் குடும்பம். சேலம், நாமக்கல் சமவெளியில் இவ்வினம் அரிது. அரிதாக இருப்பதற்குப் புவியியல் காரணம் உண்டு. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரம் விடுதிப் பள்ளிகளுக்குப் பேர்போனது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காக எந்தெந்த மாவட்டத்துப் பெற்றோரோ டிரங்குப் பெட்டி, பக்கெட், பாய், தலையணையோடு பிள்ளையைக் கொண்டுவந்து இங்கே விட்டுவிட்டுப் போவார்கள். 2017-இல் அரசு மாநில ரேங்க் பட்டியலை நிறுத்தும்வரை, மே மாதமானால் இந்த ஊர்களின் பெயர் நாளிதழின் முதல் பக்கத்தில் இருக்கும். ஊரான் பிள்ளையெல்லாம் தேடி வந்து படிக்கும் ஊரில் சொந்தப் பிள்ளை ஆறு பேரை வீட்டிலேயே வைத்திருப்பது, கோழிப்பண்ணைக்காரர் முட்டையைத் தொட மாட்டேன் என்பதுபோல ஊருக்குப் படுகிறது.

இவ்வினத்தில் தலைசிறந்தது கிறிஸ்தவப் பெருங்குடும்பம். அப்பா ஏதாவது ஒரு சுயாதீன சபையின் போதகராக இருப்பார்; அல்லது கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவராக இருப்பார். அம்மா பி.எட். படித்து, நாலு வருஷம் பள்ளியில் வேலை பார்த்து, அந்த அனுபவத்தாலேயே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தவர். பிள்ளைகள் ஆறு: பெண் நாலு, ஆண் இரண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. இந்த அம்மா அக்கம்பக்கத்து இரண்டு வீட்டுப் பங்கையும் தாமே எடுத்துச் செய்து முடித்தவர். பிள்ளைகளை வில்லாளி கையிலுள்ள அம்புகளுக்கு ஒப்பிடும் 127ஆம் சங்கீதம் இவ்வீட்டுச் சுவரில் தொங்கும். ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்று முதுகில் எழுதிய லாரிகள் நாமக்கல் பட்டறைகளிலிருந்து புறப்பட்டு இந்தியா முழுக்க ஓடியிருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு பழைய லாரிக்குப் பின்னால் எட்டுப் பேரோடு இவர்களுடைய ஆம்னி வேன் நிற்கும்போது, சிக்னலில் இருப்பவர்கள் லாரியையும் வேனையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

முன்னோடி யார் என்று கேட்டால் அப்பா கிழக்கே கையைக் காட்டுவார். கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற மிஷனரித் தம்பதியின் மகனாக 1914-இல் பிறந்த பால் பிராண்டுக்கும் அவர் தங்கைக்கும் அம்மாதான் டீச்சர், காடுதான் வகுப்பறை. அந்தப் பையன்தான் பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார். இந்தக் கதையை அப்பா வரும் விருந்தாளிக்கெல்லாம் சொல்வார். ஆனால் கதை 1923-க்கு முன்பே நின்றுவிடும். அந்த ஆண்டு, ஒன்பது வயதில், பிராண்டைப் பள்ளியில் படிக்க இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். மேலும் பிராண்ட் வீட்டில் பிள்ளைகள் இரண்டே பேர். இவ்விரண்டு செய்தியும் மூத்த மகளுக்குத் தெரியும், தேவைப்படும்போது எடுப்பாள்.

எதிர்க்கட்சித் தலைவர் அம்மாவைப் பெற்ற அப்புச்சி. அவருக்கு வரலாறு வேறு இடத்தில் தொடங்குகிறது. சேலம் நகராட்சிக்குத் தலைவராக இருந்த ராஜாஜி, முதலமைச்சரான பின் 1953-இல் பாதி நாள் பள்ளி, மீதிப் பொழுது வீட்டில் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். நாடே கொதித்தது; அடுத்த ஆண்டு அவர் பதவியும் திட்டமும் சேர்ந்து போயின. “பாதி நாளு வீட்ல இருன்னதுக்கே அந்தப் போராட்டம் நடந்துச்சு. நீங்க முழு நாளும் வெச்சிருக்கறீங்களே மாப்ளே” என்பார் அப்புச்சி. மாப்பிள்ளை “ஸ்தோத்திரம்” என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவார்.

நாள் விடியுமுன் குடும்ப ஜெபத்தோடு தொடங்கும். பெரியவர்கள் தேசத்துக்காகவும் வியாதிஸ்தர்களுக்காகவும் ஜெபிக்க, கடைக்குட்டி எதிர்வீட்டு நாய்க்காகவும் இட்லிக்குப் பதில் பூரி வேண்டியும் ஜெபிப்பான். பிறகு காலை உணவும் கணக்கு வகுப்பும் ஒன்றாக நடக்கும். முட்டை ஓர் அட்டைக்கு முப்பது. தலைக்கு ஒன்று வீதம் எட்டுப் பேர். முப்பதை எட்டால் வகுத்தால் மூன்று நாள், மீதி ஆறு. இரண்டாம் வகுப்புக்கு இது வகுத்தல், கடைக்குட்டிக்கு எண்ணல், எட்டாம் வகுப்புக்கு, அந்த மீதி ஆறை எட்டுப் பேருக்கு நியாயமாகப் பங்கிடும் பின்னம். அம்மா ஆம்லெட்டாக ஊற்றிப் பின்னத்தைத் தீர்ப்பார். நாமக்கல் மண்டலத்தின் அன்றைய பண்ணைக் கொள்முதல் விலையை நாளிதழில் பார்த்து, கடை விலையோடு கழித்து, லாப விழுக்காட்டைக் கண்டுபிடித்த இரண்டாவது மகள் அதைக் கடைக்காரரிடமே போய்ச் சொன்னால், அவர் விடையைச் சரிபார்க்க மாட்டார். “எந்த ஸ்கூலு கண்ணு?” என்று கேட்பார்.

ஏழரை மணிக்குத் தெருவில் மஞ்சள் வேன்கள் போய் முடிந்த பின் ஒன்பதுக்குப் பள்ளி கூடும். அப்பா வருகைப் பதிவேடு வைத்திருப்பார். ஆறு ஆண்டுகளில் ஓர் ‘ஆ’ கூட விழாத பதிவேடு அது, விழ வழியில்லை. இந்தப் பள்ளியின் தீராத சட்டச் சிக்கல் மழைக்காலத்தில் வரும். கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை என்று டி.வி.யில் ஓடியதும் ஆறு நோட்டும் ஒன்றாக மூடப்படும். “அது ஸ்கூலுக்குத்தான், நமக்கில்லை” என்பார் அப்பா. “அப்ப இது ஸ்கூல் இல்லீங்களாப்பா?” என்பாள் மூத்தவள். ஸ்கூல்தான் என்றால் விடுமுறை விட வேண்டும். ஸ்கூல் இல்லை என்றால் படிக்க வேண்டியதில்லை. போதகராகவே இருந்தாலும் இந்த இரட்டை மடிப்புக் கேள்விக்கு அவர் வசனம் எதையும் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

பாடநூல்கள் பெரும்பாலும் கப்பலில் வந்தவை, அல்லது அப்படி வந்ததன் ஜெராக்ஸ். டெக்சஸில் 1970-இல் தொடங்கிய ஏ.சி.இ. பாடத்திட்டம் இத்தகைய குடும்பங்களுக்குப் பரிச்சயமானது. ஒவ்வொரு பிள்ளையும் தானே பயிற்சி நூலைப் படித்து எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் மேசைமேல் ஒரு சிறு கொடியை நட வேண்டும். மேற்பார்வையாளர் வந்து தீர்ப்பார். டெக்சஸில் இது ஒழுங்காக நடக்கிறது. இங்கே கூடத்தில் நாலு கொடி நிற்கும். மேற்பார்வையாளர் அடுப்பில் பொங்கும் பாலோடு நிற்பார். கடைக்குட்டி கழிப்பறைக்கும் கொடி நடுவான். கணக்கில் டாலரும் சென்ட்டும் வரும், அம்மா ரூபாயாக்குவார். அறிவியலில் பனிமனிதன் வருவான்; அவனை ரூபாயாக்க முடியாது. ஏப்ரல் மாதச் சேலத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, பனிமனிதனுக்குக் கேரட் மூக்கு வைத்து வண்ணம் தீட்டிவிட்டு, அதே கேரட் மதியம் பொரியலில் வந்ததும் பிள்ளைகள் திருப்தியடைவார்கள்.

உள்ளூர் அறிவியலுக்குக் கல்விச் சுற்றுலா. மேட்டூர் அணையின் 120 அடியில் இன்று எவ்வளவு என்று சார்ட்டில் வரைவார்கள். குச்சிக்கிழங்கை அரைத்த பால் தொட்டியில் தெளிந்து மாவாகி, குலுக்கிக் குருணையாகி, வறுபட்டு ஜவ்வரிசி ஆவதை ஆலைக்கே போய்ப் பார்ப்பார்கள். ஆலை வாசனையோடு திரும்பி வந்த அன்று இரவு பாயசத்தை யாரும் தொட மாட்டார்கள், மறுநாள் தொடுவார்கள்.

தமிழ்தான் விசேஷம். இப்பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதே பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில். எனவே ‘உமக்கு’, ‘எமக்கு’, ‘கடவது’ எல்லாம் பால்குடித் தமிழ். வீதியிலோ கொங்கு வழக்கு. இரண்டும் சேர்ந்தால், சேலத்து மாலை நேரத்துத் தள்ளுவண்டி முன் எட்டு வயதுப் பையன் நின்று, “ஐயா, உம்மிடத்தில் தட்டுவடை செட் உண்டோங்க?” என்பான். வண்டிக்காரர் பீட்ரூட் துருவலைத் தட்டுவடைமேல் வைத்தபடியே, ஒரு துருவலும் சிந்தாமல், “எந்த ஸ்கூலு கண்ணு?” என்பார்.

தண்டனையும் வேதாகமத்திலிருந்தே. தம்பியைக் கிள்ளினால் ஒரு சங்கீதம் மனப்பாடம். எந்தச் சங்கீதம் என்பதைக் குற்றவாளியே தேர்ந்துகொள்ளலாம் என்று ஆரம்பத்தில் ஒரு தாராளம் இருந்தது. 117-க்கு இரண்டே வசனம் என்பதை ஆறு பேரும் ஒரே வாரத்தில் கண்டுபிடித்தார்கள். சட்டம் திருத்தப்பட்டது. 176 வசனமுள்ள 119 இப்போது கொலைக்குற்றத்துக்கு இணையானவற்றுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அம்மா இப்பள்ளியின் தலைமையாசிரியை, வகுப்பாசிரியை, ஆயா, சத்துணவு அமைப்பாளர், வாட்ச்மேன். டீச்சர் அடித்துவிட்டதாக அழுதுகொண்டு பிள்ளை ஓடிவருவது டீச்சரிடமேதான், அவரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “எந்த டீச்சர் அடிச்சாங்க?” என்று நியாயமாக விசாரிப்பார். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் இரவு விளக்கணைத்த பின் நடக்கும். ஒரு பெற்றோர் பாதியில் குறட்டை விட, தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறும்.

வெளியுலகம் கேட்கும் முதல் ஆட்சேபம், “நாலு பேரோட பழக வேண்டாமா?” என்பது. வீட்டில் எட்டுப் பேர், குளியலறை ஒன்று. பழகாமல் அங்கே பல்கூடத் துலக்க முடியாது. டவுன் பஸ்ஸில் இக்குடும்பம் ஒரு சமூக நிகழ்ச்சி. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆகவே அம்மாவும் நாலு மகள்களும் இலவசம். ஐந்து வயது நிரம்பாத கடைக்குட்டியும் இலவசம். எட்டு வயதுப் பையனுக்கு அரை டிக்கெட். எட்டுப் பேருக்கு ஒன்றரை டிக்கெட் கிழித்த கண்டக்டர் பையனிடம், “பஸ் பாஸ் இல்லியா? எந்த ஸ்கூலு கண்ணு?” என்பார்.

வருஷத்துக்கு ஒரு முறை ‘பள்ளி செல்லாப் பிள்ளைகள்’ கணக்கெடுப்பு வரும். கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. ஆறிலிருந்து பதினாலு வயதுவரை எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும். வீட்டில் படிப்பவருக்கென்று அதில் தனிப்பிரிவு இல்லை. படிவத்திலும் கட்டம் இல்லை. இரண்டு ஆசிரியைகள் வெயிலில் வந்து மோர் குடித்துவிட்டுக் கேட்பார்கள்:

“பசங்க இடைநின்றவங்களா, சேரவே இல்லீங்களா?”

“படிக்கறாங்க மேடம்.”

“எங்க?”

“இங்கதானுங்க.”

சோதனைக்கு எட்டு வயதுக்காரனை அழைப்பார்கள். அவன் வேதாகமத்தின் 66 புத்தகங்களை மூச்சுவிடாமல் ஒப்பித்து, பதினேழாம் வாய்ப்பாட்டையும் கூடவே தள்ளி, “எமக்கு வேறு கேள்வி உண்டோங்க?” என்பான். ஆசிரியைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ‘இதர’ என்று எழுதுவார்கள். தேர்வே வைக்காத பள்ளி என்று பெயர் எடுத்த வீட்டுக்கு ஊரில் உள்ள அத்தனை பேரும் தேர்வாளர்.

உண்மையான தேர்வு தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் நடத்துவது. 1989-இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கி, 2002-இல் இப்பெயர் பெற்றது, சுருக்கமாக என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்புக்குப் பதினாலு வயது நிரம்பியிருக்க வேண்டும். ஐந்து பாடம் போதும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இரு தேர்வு. ஐந்தாண்டுகளில் ஒன்பது வாய்ப்பு. அப்பா இதையெல்லாம் விளக்கி முடித்ததும் அப்புச்சி, “ஒம்போது தடவ எழுதலாமா? அப்ப ஒம்போது தடவையும் ஃபெயிலாவாங்களா?” என்பார்.

மூத்தவள் முதன்முதலாகத் தேர்வு மையத்துக்குப் போகும் நாளில் வினாத்தாள் அவளைப் பயமுறுத்துவதில்லை, அமைதிதான் பயமுறுத்துகிறது. மடியில் குழந்தை இல்லை. பக்கத்தில் கிரைண்டர் ஓடவில்லை. யாரும் அவள் பேனாவைப் பிடுங்கவில்லை. முதல் பத்து நிமிடம் ஒன்றும் ஓடாது. எங்கோ வெளியே ஒரு ரிக் வண்டி ஆழ்துளைக் கிணறு போடத் தொடங்கியதும் வரலாறு முழுக்க ஞாபகத்துக்கு வந்துவிடும்.

பிளஸ் டூவையும் அப்படியே எழுதித் தேறி அவள் கல்லூரியில் சேர்வாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். முட்டைக்கடைக்காரர் இனிக் கேட்க வேண்டியதில்லை, படித்துக்கொள்வார். கல்லூரி தூரம் என்பதால் விடுதி. பக்கெட், பாய், தலையணை, டிரங்குப் பெட்டி எல்லாம் ஆம்னி வேனில் ஏறும். வீட்டுப்பள்ளியில் கொடிகளுக்கெல்லாம் ஓடிப்போய்ப் பதில் சொன்ன உதவி ஆசிரியை அவள்தான். அந்தப் பதவி இரண்டாவது மகளுக்கு வரும். மறுநாள் காலை முட்டை அட்டையை நடுவில் வைத்து, எட்டு வயதுக்காரனுக்குப் புதுக் கணக்கு கொடுக்கப்படும். முப்பதை ஏழால் வகுத்தால் நாலு நாள், மீதி இரண்டு. அந்த இரண்டும் சனிக்கிழமை அவள் வரும்போது என்று அம்மா தனியே எடுத்துவைப்பார்.