கார் என்னும் கண்ணாடி

கேள்வி: நேரில் பளபளக்கும் கார், செல்போன் படத்தில் மட்டும் சோபையிழந்து போவது ஏன்?

பதில்: கார் என்பது நான்கு சக்கரத்தில் ஓடும் வளைந்த கண்ணாடி. மெருகேறிய பெயின்ட் எதிரில் இருப்பதையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும்: பானெட்டில் வேப்பமரம், கதவில் மின்கம்பம், அதன் பக்கத்தில் செல்போனோடு நிற்பவரின் மஞ்சள் சட்டை. எனவே முதலில் பார்க்க வேண்டியது காரை அல்ல, காருக்கு எதிரே இருப்பதை. திறந்த மைதானம், சூரியன் அடிவானத்தை ஒட்டி நிற்கும் நேரம், எடுப்பவருக்குக் கறுப்புச் சட்டை. பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். மிச்சப் பிரதிபலிப்பை லென்ஸுக்கு முன் மாட்டும் போலரைசர் ஃபில்டர் குறைக்கும். அதை மெல்லச் சுற்றும்போது முன்கண்ணாடியிலிருந்து வானம் விலகி, உள்ளே ஸ்டீயரிங் தெரியவரும் காட்சி எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. குரோம் பம்பரிடம் மட்டும் அதன் பாச்சா பலிக்காது.

அடுத்தது தூரம். செல்போனின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. நெருங்கிப் போனால் காரின் மூக்கு வீங்கி, பின்பக்கம் சூம்பிவிடும். பத்தடி பின்வாங்கி, 2 மடங்கு ஜூமில், ஹெட்லைட் உயரத்துக்குக் குனிந்து எடுத்தால் கார் தன் உருவத்துக்குத் திரும்பும். முன்சக்கரத்தைத் திருப்பி வைத்தால், டயரின் தரை தொடும் பக்கம் அல்ல, வீல் முகம் தெரிய வேண்டும்.

வெள்ளை அம்பாசடர் படத்தில் சாம்பலாக விழுவது கேமராவின் கணக்கால். எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பலாகவே அது அளக்கப் பார்க்கும். வெள்ளைக்கு எக்ஸ்போஷரை +1 வரை ஏற்ற வேண்டும். கறுப்புக் காருக்கு அதே அளவு இறக்க வேண்டும்.